டானிக் வண்டிக்குள் ஒரு ஒப்பாரி

"எங்க வூட்டுக்காரரு செத்தாரா இல்லையாங்கறது அப்புறம் இருக்கட்டும் ஐயா. அவரு பேரைச் சொல்லி ஒருத்தி அழறாளே, அவ யாரு? மொதல்ல அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

துப்பறியும் பாலகுரு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சிவப்புக் கெப்பித் தொப்பியோடு அவர் போலீஸில் இருந்தபோது, அவர் மீசையைக் கண்டு சாராயக் கடத்தல்காரர்கள் எல்லை வரை கொண்டுவந்ததைத் திரும்பவும் ஊருக்குள்ளேயே கடத்திக்கொண்டு போவார்களாம். கொடி மாறியதும் தொப்பி போயிற்று, மீசை நின்றது. இப்போது கொடி மாறி மூன்றாம் வருஷம். ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு தையற்கடைக்கு மேலே மாடியறை பிடித்துத் துப்பறிந்துகொண்டிருந்தார். எத்தனையோ கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். ஆனால் புருஷன் உயிரை இரண்டாம் பட்சமாக வைத்த கட்சிக்காரியை அன்றுதான் பார்த்தார்.

"முழுசாச் சொல்லும்மா."

கருவடிக்குப்பம் செல்வாம்பாள் மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தாள். அவளுடைய கணவன் ஜானகிராமன் மாசி மகத்துக்கு மறுநாள் வீட்டை விட்டுப் போனவன். ஆடி பிறக்கப் போகிறது, ஆளைக் காணோம். இந்த நேரத்தில்தான் ஊருக்குள் 'ஜீவதாரா டானிக்' வண்டி கிளம்பியது. மூன்று பக்கமும் கறுப்புத் திரை, மேலே ஒலிபெருக்கி. திரைக்குள் உட்கார்ந்து ஒரு பெண் அழுவாள். புதிதாகத் தாலி அறுத்தவள் முகம் காட்டமாட்டாள் என்று ஊருக்கே தெரியும். ஆகையால் யாரும் திரையைத் தொடவில்லை. அவள் அழுத அழுகையில் புதுச்சேரியின் கிணறுகளெல்லாம் கொஞ்சம் உப்புக் கரித்தன என்று சொல்லுகிறார்கள். குடித்துப் பார்த்தவர்கள் மறுக்கவும் இல்லை.

"அந்தப் பாட்டுல எங்க வூட்டுக்காரரு பேரு வருது. எங்க ஊரு வருது. அவருக்குக் கடலை உருண்டைன்னா உசுருங்கறதுகூட வருது. சும்மா தெரிஞ்சவளுக்கு அதெல்லாம் எப்படி ஐயா தெரியும்?"

"நீங்க முழுசாக் கேட்டீங்களா?"

"மொத வரியிலயே காதைப் பொத்திக்கிட்டு அடுப்பாங்கரைக்கு ஓடிட்டேன். மிச்சமெல்லாம் எங்க மாமியா சொல்லித்தான் தெரியும். அது ஒரே புடியா நிக்குது. 'மைக்குல சொன்னா பொய்யா இருக்குமா? கொடி மாறினதையே மைக்குலதானே சொன்னாங்க'ங்குது. நாளைக்குக் காலையில பங்காளிங்க எல்லாம் கோடிச் சேலையோட வராங்க. என் தாலியை இறக்கிடுவாங்க ஐயா."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கை கழுத்துக்குப் போயிற்று. பாலகுரு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?"

"வேலையா? விழுப்புரம் பக்கம் ஒரு கூத்து ஜமாவுல ஆடுவாரு."

"என்ன வேஷம்?"

"அது ஒண்ணு மட்டும் கேக்காதீங்க." செல்வாம்பாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுலதான் சண்டையே. 'ஆம்பளையா லட்சணமா ஒரு கம்பெனி உத்தியோகம் தேடிக்கிட்டு வா, அதுவரைக்கும் இந்த வாசப்படி ஏறாதே'ன்னேன். ஏறவே இல்ல."

"பொண்டாட்டி சொன்ன பேச்சைக் கேக்கற ஆளு புதுச்சேரியிலயே ஒருத்தருதான் இருந்திருக்காரு," என்றார் மூலையிலிருந்து உதவியாளர் முருகையன். "அவரையும் சாகடிச்சிட்டாங்களே, முசே!"

முருகையன் முன்பு டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். பாலகுருவைப் பிரெஞ்சு மரியாதைப்படி 'முசே', அதாவது ஐயா, என்றுதான் அழைப்பார். வாயை மூடினால் காது அடைத்துவிடும் என்று உண்மையாகவே நம்புகிறவர். பாலகுரு முறைத்தார். காது அடைத்தாலும் பரவாயில்லை என்று முருகையன் வாயை மூடிக்கொண்டார்.

* * *

பெரிய மார்க்கெட் வாசலில் டானிக் வண்டி நின்றிருந்தது. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. பிறகு அந்தக் குரல்:

"கருவடிக்குப்பத்து ஜானகிராமா – என்
கண்ணுக்குள்ள நின்ன ராமா!
கடலை உருண்டை கையிலிருக்க
காலனோட போனதென்ன!
ஐயனாரு குதிரையிலே ஏறி வுழுந்து
அழகுப் புருவம் கிழிஞ்சப்பவும்
பொறுத்துக்கிட்ட பொன்னுராமா – ஒரு
பாட்டில் வாங்கித் தராமப் போனேனே!"

வஞ்சிரம் விற்கிறவள் அழுதாள். வாங்க வந்தவளும் அழுதாள். விலை பேசுவதை மறந்து இருவரும் கட்டிக்கொண்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே விம்மியதால் மார்க்கெட் முழுவதும் விட்டுவிட்டு விசில் கேட்டது. அழுகை உச்சத்தில் நின்ற அந்தக் கணத்தில் வண்டியின் முன்சீட்டிலிருந்து ஓர் ஆண்குரல் குறுக்கிட்டது:

"கேட்டீர்களா தாய்மார்களே! அடுத்த ஜானகிராமன் உங்கள் வீட்டில் இல்லை என்று யார் சொன்னது?"

அவ்வளவுதான். அத்தனை பேரும் தத்தம் வீட்டு ஜானகிராமனை நினைத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் பாய்ந்தார்கள். பாட்டில்கள் பறந்தன.

"முருகையா, கண்ணைத் துடை."

"நான் அழல முசே. வெங்காயக் காத்து."

"வெங்காயக் கடை அந்தப் பக்கம். காத்து இந்தப் பக்கத்திலேருந்து அடிக்குது."

"அப்ப நீங்க ஏன் முசே மூக்கை உறிஞ்சறீங்க?"

பாலகுரு மூக்கைத் துடைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்தார். "அந்தக் குரல் 'ஜானகிராமா'ன்னு பேரு சொல்லிக் கூப்பிடுது. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்லுவாங்களா?"

"எங்க அண்ணிகிட்ட ரேஷன்ல அண்ணன் பேரைக் கேட்டாங்க. முருகன் கோயில் கோபுரத்தைக் கைகாட்டிட்டு வந்துடுச்சி. கோயில் பேருல கார்டு எழுதிட்டான்."

"செத்தாலும் 'ராசா'ம்பா, 'மவராசா'ம்பா, பேரு வராது. ஆக அழறது பொண்டாட்டி இல்ல. திருட்டுப் பொண்டாட்டியா இருந்தாலும் அதே பழக்கந்தான்."

"அப்ப அக்கா தங்கச்சி?"

"ஒத்தைப் புள்ளைன்னு அந்தம்மா சொல்லுச்சி, படி இறங்கறப்ப. ஷ்... அங்க பாரு."

டீக்கடைக்காரன் ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு போய்த் திரைக்குள் நீட்டினான். உள்ளேயிருந்து வளையல் போட்ட கை ஒன்று வாங்கிக்கொண்டது. வெற்று டம்ளர் திரும்பி வரும் வழியில் பாலகுரு அதை வாங்கி மோந்து பார்த்தார். மிளகு. அடியில் பனங்கற்கண்டு ஒரு துண்டு கரையாமல் கிடந்தது.

"துக்கத்துல இருக்கறவளுக்குத் தொண்டையைப் பத்தி என்ன கவலை, முருகையா?"

"அடுத்த ஆட்டம் நெல்லித்தோப்புல இருக்குதில்ல முசே," என்றார் முருகையன்.

* * *

ஜீவதாரா டானிக் முதலாளி பஞ்சநாதன் அவர்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைக் கோட்டு, சந்தனப் பொட்டு, எந்த நேரமும் கலங்கத் தயாராக இரண்டு கண்கள். அந்தக் கண்களைக் காட்டி அவர் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பாதி பேரைப் பாட்டில் வாங்க வைத்துவிடுவார்.

"பொன்ழூர், வணக்கம், முசே பாலகுரு! டானிக்குல என்ன இருக்குதுன்னு மட்டும் கேட்டுடாதீங்க. எனக்கே அரைகுறையாத்தான் தெரியும்."

"அந்தக் கவலை இல்ல. அழுகை யோசனை யாருது?"

"என்னுதுதான்!" பஞ்சநாதன் பூரித்துப் போனார். "ஆரம்பத்துல நான் உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன் முசே. 'பசி எடுக்கும், ரத்தம் ஊறும்'னு. ஒரு ஈ வரல. 'டானிக் இல்லாம ஆயிரம் பேர் சாவு'ன்னு நோட்டீஸ் அடிச்சிக் குடுத்தேன். நின்னு படிச்சாங்க, நோட்டீசை மடிச்சி வெத்தலை கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. ஆயிரம் பேரு செத்தா எவனும் அழமாட்டான். ஒரே ஒருத்தன் சாவணும். அவனுக்குப் பேரு இருக்கணும், ஊரு இருக்கணும், திங்கறதுக்குக் கடலை உருண்டை இருக்கணும். அந்த உருண்டையிலதான் முசே வியாபாரமே இருக்குது."

"அந்த ஜானகிராமன் யாரு?"

"அதானே கஷ்டம்! பேரு வேணும்னு கேட்டா எவன் குடுப்பான்? செத்ததா அழப் போறோம்னதும் எங்க கணக்குப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு அழுதுட்டான். டிரைவரு வேலையை வுட்டே போறேன்னான். சரி, இல்லாத பேரா வெப்போம்னா, எந்தப் பேரு வெச்சாலும் அந்தப் பேருல எங்கியாவது ஒரு உசுரு இருக்குதே, அந்தப் பாவம் யாருக்கு? கடைசியில அழறவங்களே ஒரு பேரு சொன்னாங்க. 'இதை வெச்சுக்குங்க, இதனால யாருக்கும் தோஷம் இல்ல'ன்னுட்டாங்க."

பாலகுருவின் மீசை ஒரு முனையில் மட்டும் மெல்ல எழும்பிற்று. தடயம் சிக்கினால் அப்படித்தான் எழும்பும்.

"அழறவங்க யாருன்னு..."

"கம்பெனி ரகசியம். அதை வுடுங்க." பஞ்சநாதன் அருகே வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். கண்கள் கலங்கத் தொடங்கின. "உங்க மாடிப்படியை நான் பார்த்திருக்கேன் முசே. ஊரு தூங்க நீங்க முழிச்சிக்கிட்டு நின்னீங்க, எத்தினி வருஷம்! கொடியை எறக்கினப்ப ஆளாளுக்குக் கைதட்டினாங்க. 'பாலகுரு, உன் மூட்டு வலி எப்படி இருக்குது'ன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்டானா?"

இரண்டு நிமிஷம் கழித்து வீதிக்கு வந்தபோது பாலகுருவின் கண்கள் சிவந்திருந்தன.

"முசே, கையில என்னா அது?"

"தடயம்."

"ரெண்டு பாட்டில் தடயமா?"

பாலகுரு பாட்டில்களை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவருக்கு இதுவரை மூட்டு வலி வந்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

* * *

கருவடிக்குப்பத்தில் தில்லையம்மாள் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். மகன் செத்த செய்தியை ஒலிபெருக்கியில் கேட்ட நாள் முதல் அவள் சோற்றில் கை வைக்கவில்லை. பக்கத்தில் வைத்த கஞ்சி ஆடை கட்டியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் பெரியம்மா," என்று பாலகுரு குந்தி உட்கார்ந்தார். மூட்டு நன்றாகவே மடங்கியது. "உங்க பிள்ளைக்குப் புருவத்துல காயம் எப்படி ஆச்சு?"

"மாடு முட்டிடுச்சி சாமி. சின்னதுல ரத்தம் ஒழுக வந்து நின்னான். அன்னைக்கே அந்த மாட்டைப் புடிச்சி வித்துட்டாரு அவங்கப்பா. நல்ல பால் மாடு."

"பாட்டுல ஐயனார் குதிரையிலேருந்து விழுந்ததா வருதே?"

கிழவியின் முகம் கோணிற்று. "அதான் சாமி வயிறு எரியுது. பெத்தவகிட்ட மாடுன்னான். அந்தச் சிறுக்கிகிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லியிருக்கான்."

"எங்கிட்டயும் மாடுன்னுதான் சொன்னாரு," என்றாள் செல்வாம்பாள். அவள் குரலில் துக்கத்தைவிடப் பொறாமை ஒரு படி அதிகம். "எங்கிட்ட சொல்லாததை அவகிட்ட சொல்லியிருக்காரு. செத்தாலும் நான் அவரை மன்னிக்க மாட்டேன்."

பாலகுரு எழுந்தார். மீசையின் இரண்டு முனையும் எழுந்து நின்றன.

"காலையில நான் வர்ற வரைக்கும் உன் கழுத்துப் பக்கம் யாரையும் விடாதம்மா. முருகையா, பஞ்சநாதன்கிட்ட ஓடு. கருவடிக்குப்பத்துல நாளைக்குக் கூட்டம் கூட்டமா ஆளுங்க அழறதுக்குத் தயாரா உட்கார்ந்திருப்பாங்க, வண்டி கொண்டு வந்தா ஆரம்பிக்கக்கூட வேண்டாம், நேரா பாட்டில்தான்னு சொல்லு."

"யாரு வூட்டு வாசல்னு சொல்லணுமா முசே?"

"சொன்னா வருவானா? திரைக்குள்ள இருக்கறவங்களுக்கும் தெரியக் கூடாது."

* * *

மறுநாள் காலை பங்காளிகள் நிறைந்திருந்தார்கள். கோடிச் சேலை தாம்பாளத்தில் மடிப்புக் கலையாமல் இருந்தது. செல்வாம்பாளை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் தாலியைப் பொத்திப் பிடித்திருந்தாள். "நேரம் போவுது, கையை எடும்மா," என்று ஒரு பங்காளி சொல்ல, "கடிச்சிடுவேன்," என்று அவள் சொல்ல, அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அப்போது தெருமுனையில் வண்டி வந்தது. பஞ்சநாதன் அந்தக் கூட்டத்தைக் கண்டார். வந்த வேலைக்கு ஏற்கெனவே பாதி அழுது முடித்த கூட்டம்! மிட்டாய்க்கடையைப் பார்த்த குழந்தையாகி, டிரைவர் தோளைத் தட்டி நிறுத்தினார். திரை அசைந்தது. குரல் எழுந்தது:

"கருவடிக்குப்பத்து ஜானகிராமா – என்
கண்ணுக்குள்ள நின்ன ராமா..."

சுவரோடு கிடந்த தில்லையம்மாள் எழுந்தாள். எங்கிருந்து அவளுக்கு அந்தத் தெம்பு வந்ததோ! தலைமுடி அவிழ்ந்து தொங்க, வண்டியைப் பார்த்து நடந்து வந்தாள். மைக் இல்லை, சுருதி இல்லை, ராகம் இல்லை, வயிற்றிலிருந்து வந்தது:

"எப்பா... ராமா... உனுக்கு முந்தி நான் போயிருக்கக் கூடாதாடா! உன் மொகத்தைக்கூடக் காட்டாமப் போயிட்டியேடா, எப்பா!"

திரைக்குள் பாட்டு நின்றது.

ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு. யாரோ எச்சில் விழுங்கும் சத்தம். பிறகு, அந்தத் தெருவே கிடுகிடுக்க, கட்டைக் குரலில், சந்தேகத்துக்கே இடமில்லாத ஆண் குரலில்:

"யம்மா!"

பங்காளிகள் பின்வாங்கினார்கள். தாம்பாளம் கீழே விழுந்தது. மணையிலிருந்து எழுந்த செல்வாம்பாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் திரையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்த இழுப்பில் கம்பியே வளைந்தது.

உள்ளே கொண்டை, வளையல், மைக். முகத்தில் மை கரைந்து இரண்டு ஆறுகள். ஆற்றங்கரையில் வெட்டுப்பட்ட புருவம்.

"என் கிளிப்பச்சைச் சேலை!" என்றாள் செல்வாம்பாள். அவளுக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான்.

"செல்வா, கோவிச்சிக்காதே..." ஜானகிராமன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டான். மைக் இன்னும் அவன் கையில் இருந்ததால் மன்னிப்பு தெருவெங்கும் முழங்கியது. "கம்பெனி உத்தியோகந்தானே கேட்டே? இது கம்பெனிதான்."

"கம்பெனியில சேலை கட்டிக்கிட்டு அழற வேலையா?"

"சேர்ந்த மொத நாளே வேஷத்தைக் கலைக்காம உள்ளயே வெச்சிட்டாங்க. எந்தத் தெருவுல அழறேன்னுகூட எனக்குத் தெரியாது. வெளியில தெரிஞ்சா வியாபாரம் போயிடும்னாரு மொதலாளி."

"அதுக்காக உம் பேரையா சாகடிப்பே?"

"பின்னே வேற யாரு பேரைச் சொல்லுவேன்? அடுத்த வூட்டு ஆம்பளையைச் செத்தான்னு அழுதா அந்தப் பாவம் நம்ம வூட்டுக்குத்தானே வரும். எம்பேரு எனக்குத்தானே சொந்தம்."

முருகையன் பாலகுருவின் காதில் கிசுகிசுத்தார். "அப்ப, அழுத அந்தச் சிறுக்கி இவருதானா முசே?"

"வுவாலா, அவரேதான்," என்றார் பாலகுரு. "புருவம் எப்படிக் கிழிஞ்சுதுன்னு பெத்தவளுக்கும் தெரியல, கட்டினவளுக்கும் தெரியல. குதிரைக்குத் தெரியும், குதிரை பாடாது. மிச்சம் யாரு இருக்கா?"

இதற்குள் பங்காளிகளின் கைகள் பஞ்சநாதனின் வெள்ளைக் கோட்டை நோக்கி நீண்டுவிட்டன. பாலகுரு நிதானமாக முன்னே வந்து, "இதுக்கு என்ன சொல்றீங்க முசே பஞ்சநாதன்?" என்றார். ஒரு மனிதனின் வியாபாரம் கண்ணெதிரே மண்ணோடு மண்ணாகும் அந்தக் காட்சியைச் சுவைக்கத் தயாரானார்.

பஞ்சநாதன் மூன்று முறை இமைத்தார். மூன்றாவது இமைப்பில் கண்கள் கலங்கிவிட்டன. ஜானகிராமன் கையிலிருந்து மைக்கைப் பறித்தார்.

"பார்த்தீர்களா தாய்மார்களே! செத்தான் என்றார்கள். கோடி கொண்டு வந்தார்கள். தாலி இறங்க ஒரு நொடிதான் பாக்கி. இதோ, இத்தனை நாள் ஜீவதாரா வண்டியிலேயே இருந்தவன் உயிரோடு நிற்கிறான்! ஒரு தாய்க்குப் பிள்ளை திரும்பினான்! ஒரு சுமங்கலியின் மஞ்சள் நிலைத்தது!"

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதைப் பாலகுரு கவனித்தார். அவர் மீசை இரண்டு முனையிலும் தொங்கிற்று.

"நிறுத்துய்யா!" செல்வாம்பாள் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. தாலியைக் கையில் பிடித்தபடி, கண்ணீர் கொட்டக் கொட்ட, தெருவெல்லாம் கேட்கக் கத்தினாள். "எல்லாம் பொய்யி! இவரு சாகவே இல்ல! டானிக்கால ஒண்ணும் எழுந்து வரல! இது வெறும் சக்கரைத் தண்ணி! யாரும் வாங்காதீங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், யாரும் வாங்காதீங்க!"

கருவடிக்குப்பமே விம்மி வெடித்தது. "ஐயோ, சந்தோஷத்துல புத்தி தடுமாறிப் பேசுது பாவம்!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். தாலி பிடித்த அந்தக் கையைப் பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட அவள் வாயிலிருந்து வந்தது காதில் ஏறவில்லை. கோடி கொண்டு வந்த பங்காளிகள்தான் முதலில் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டியில் பாட்டில் கட்டிவந்த வைக்கோலைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அதையும் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

செல்வாம்பாள் மைக்கைக் கீழே போட்டுவிட்டுப் பாலகுருவைப் பார்த்தாள். "உள்ளதைத்தானே ஐயா சொன்னேன்? ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"அழுதுக்கிட்டே சொல்லிட்டியேம்மா," என்றார் பாலகுரு.

தில்லையம்மாள் மகனைச் சேலையோடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தாள். கொண்டையைத் தடவினாள், வளையலைத் தடவினாள், வெட்டுப்பட்ட புருவத்தைத் தடவினாள். அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று கைக்கு நிச்சயமானதும், பஞ்சநாதனின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தாப்பா, எனக்கு ஒரு பாட்டில் எடுத்து வெக்காம எல்லாத்தையும் வித்துட்டியே! ராவுல இவனுக்கு மறுபடி ஏதாவது ஆச்சின்னா நான் எங்க போவேன்?"